ஐந்துக்கு ஒன்று

மன்ஹாட்டன் தீவின் வரைபடத்தில் முதலில் கண்ணில் படுவது அதன் கட்டம் போட்ட ஒழுங்கு. 1811இல் வகுக்கப்பட்ட திட்டத்தின்படி குறுக்கே தெருக்களும் நெடுக்கே அவென்யூக்களுமாகக் கோடு கிழித்து வைத்த நகரம் அது. அந்த ஒழுங்கு ஓரிடத்தில் அறுந்துபோகிறது. 15ஆம் தெரு முதல் 19ஆம் தெரு வரையிலான ஐந்து தெருக்கள் மேற்கிலிருந்து ஓடிவந்து, முதலாம் அவென்யூவை எட்டியதும் நின்றுவிடுகின்றன. அதற்கப்பால் மரங்கள், புல்வெளி, ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற செங்கல் நிறக் கட்டடங்கள். நடுவில் நீள்வட்டத் திடல். பெயர் ஸ்டைவசன்ட் டவுன்.

தெரு என்பது பொதுச்சொத்து. அதை மூட யாராவது அனுமதி தந்திருக்க வேண்டும். தந்தது நியூயார்க் நகரத் திட்டக் கமிஷன். நாள் 1943 மே 20. ஆதரவு ஐந்து வாக்கு, எதிர்ப்பு ஒன்று.

வீட்டுத் திட்டம் ஒன்றை நகரம் எவ்வாறு பரிசீலிக்கிறது என்பதை விதிப் புத்தகத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் விதிப் புத்தகம், கேட்கப்படும் கேள்விகளை மட்டுமே சொல்லும். கேட்கப்படாமல் போனவற்றைத் தெரிந்துகொள்ள ஒரு கோப்பின் வாழ்க்கை வரலாற்றைத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. நகரத் திட்டமிடலின் வரலாற்றில் இதைவிடப் பிரபலமான கோப்புகள் உண்டு. இந்த ஒன்று மட்டும் எனக்கு மறக்க முடியாததாக இருக்கிறது.

*

கமிஷன் அப்போது சிறு பிள்ளை. 1936இல் நியூயார்க் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட புதிய நகரச் சாசனம் அதைத் தோற்றுவித்தது. 1938இல் வேலை தொடங்கிற்று. ஏழு உறுப்பினர்கள். ஆறு பேர் மேயரால் நியமிக்கப்படுபவர்கள், ஏழாமவர் நகரின் நிதிவாரியத்தினுடைய தலைமைப் பொறியாளர். அரசியல்வாதிகளின் அவசரத்திலிருந்து நகரத்தின் எதிர்காலத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்க்க நிபுணர்கள் சிலர் வேண்டும் என்பது அந்தக் காலத்தின் நம்பிக்கை. ரூஸ்வெல்ட்டின் ஆலோசகர்களுள் ஒருவரான பொருளாதார அறிஞர் ரெக்ஸ்ஃபோர்ட் டக்வெல் அதன் தலைவராக வந்து, நகரம் முழுமைக்கும் ஒரு பெருந்திட்டம் வரைந்தார். 1940இல் அந்தத் திட்டத்தை எள்ளி நகையாடியே குழிதோண்டிப் புதைத்தவர் பூங்காக்கள் துறையின் ஆணையர் ராபர்ட் மோஸஸ். டக்வெல் மறு ஆண்டு நகரத்தைவிட்டே போனார். 1943இல் மோஸஸ் பூங்கா ஆணையராக மட்டுமல்லாமல் அதே திட்டக் கமிஷனின் உறுப்பினராகவும் இருந்தார்.

மோஸஸைப் பற்றி ராபர்ட் காரோ 1974இல் ஆயிரம் பக்கத்துக்கும் மேல் எழுதி முடித்துவிட்டதால் நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். நம் கதைக்குத் தேவையானது ஒன்றுதான். காப்பீட்டு நிறுவனத்தோடு பேரம் பேசி ஸ்டைவசன்ட் டவுன் திட்டத்தை உருவாக்கியவர் அவர். அது பரிசீலனைக்கு வந்த அவையில் அவருக்கும் ஓர் இருக்கை இருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காகப் பெண் கேட்டு வந்தவரே பெண் வீட்டுத் திண்ணையில் மூத்தவராகவும் உட்கார்ந்திருந்தால் பேச்சு எப்படி நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

*

திட்டத்தை மேயர் லகார்டியா 1943 ஏப்ரல் 18 அன்று அறிவித்தார். போர் நடந்துகொண்டிருந்த காலம். படைவீரர்கள் திரும்பி வரும்போது வீடு இருக்காது என்ற அச்சம் எல்லோருக்கும் இருந்தது. அரசிடம் பணம் இல்லை. பணம் இருந்தது காப்பீட்டு நிறுவனங்களிடம். மெட்ரோபாலிடன் லைஃப் நிறுவனம் ஏற்கெனவே பிராங்ஸ் பகுதியில் பார்க்செஸ்டர் என்ற பெயரில் 12,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி, கைவசம் அனுபவமும் வைத்திருந்தது. அங்கும் வெள்ளையருக்கு மட்டுமே இடம்.

ஏற்பாடு இதுதான். கேஸ் ஹவுஸ் மாவட்டம் என்று அழைக்கப்பட்ட பகுதியை – பத்தொன்பதாம் நூற்றாண்டின் எரிவாயுத் தொட்டிகளால் வந்த பெயர் – நகரம் தன் நிலக் கையகப்படுத்தும் அதிகாரத்தைக் கொண்டு காலிசெய்து கொடுக்கும். செலவை நிறுவனம் ஏற்கும். உள்ளே இருக்கும் தெருக்கள் மூடப்பட்டு மனையோடு சேர்க்கப்படும். நிலத்தின் பழைய மதிப்புக்கு மட்டுமே 25 ஆண்டுகளுக்கு வரி. புதிதாகக் கட்டப்படுவதற்கு வரி கிடையாது. ஈடாக நிறுவனம் லாபத்துக்கு ஓர் உச்சவரம்பையும், ஓர் அறைக்கு மாதம் 14 டாலர் என்ற வாடகையையும் ஒப்புக்கொண்டது. (கட்டி முடிக்கும்போது அது 17 டாலராகியிருந்தது.) பதினெட்டு கட்டத் தெருத்தொகுதிகள், 35 கட்டடங்கள், 8,755 வீடுகள், ஏறத்தாழ 24,000 மக்கள். ஒரு சிற்றூரையே மாநகரின் நடுவில் கொண்டுவந்து இறக்குவது போன்ற வேலை.

இடிக்கப்பட்டவை எவை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 600 கட்டடங்கள், அவற்றில் குடியிருந்த 3,100 குடும்பங்கள், கடைகளும் சிறு தொழிற்கூடங்களுமாக 500, மூன்று தேவாலயங்கள், மூன்று பள்ளிகள், இரண்டு நாடக அரங்குகள். அந்தக் குடும்பங்களில் மிகச் சிலரால்தான் புதிய வாடகையைக் கொடுத்துத் திரும்பி வர முடிந்திருக்கும். புதிய வரைபடத்தில் பள்ளிக்கூடம் ஒன்றுகூட இல்லை.

*

இனி பரிசீலனை. கமிஷனின் முன் வந்த கோப்பு, சட்டப்படி அது பார்க்க வேண்டியவற்றைக் கொண்டிருந்தது. நகர வரைபடத்தில் எந்தத் தெரு மூடப்படுகிறது, எந்தத் தெரு அகலப்படுகிறது, ஏக்கருக்கு எத்தனை பேர், கட்டடங்களுக்கிடையே எவ்வளவு வெளிச்சமும் காற்றும், சாக்கடையும் குடிநீரும் தாங்குமா என்பன. இவை அற்பமான கேள்விகள் அல்ல. காற்று வராத அறைகளில் காசநோய்க்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த நகரம் அது. வெளிச்சத்தை அளந்து பார்க்கும் அதிகாரி என்ற ஒருவர் உருவாவதற்கே அரை நூற்றாண்டுப் போராட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

பொதுவிசாரணையில் வந்தவர்கள் இவற்றைப் பற்றியும் பேசினார்கள். நெரிசல் அதிகம் என்றார்கள். பள்ளி எங்கே என்றார்கள். பொதுத்தெருவைத் தனியார் முற்றமாக்குவதா என்றார்கள். அவற்றோடு இன்னொரு கேள்வியும் எழுந்தது. இங்கே யார் குடியேறலாம்? கறுப்பினத்தவருக்கு இடம் உண்டா?

கேள்வி வெறும் ஊகத்திலிருந்து எழவில்லை. நிறுவனத்தின் தலைவர் ஃபிரெடரிக் எக்கர் அந்த மே மாதத்தில் வெளிப்படையாகவே பதில் சொல்லியிருந்தார். கறுப்பரும் வெள்ளையரும் கலக்க மாட்டார்கள், நூறு ஆண்டு கழித்து ஒருவேளை கலக்கலாம், அவர்களைச் சேர்த்தால் சுற்றியுள்ள சொத்துகளின் மதிப்பு விழுந்துவிடும் என்பது அவர் சொன்னதன் சாரம். அவர் இதை இரகசியமாகச் சொல்லவில்லை, சுற்றிவளைத்துச் சொல்லவில்லை. நகரம் தன் சட்ட அதிகாரத்தால் நிலம் எடுத்து, தன் தெருக்களைத் தந்து, தன் வரியை விட்டுக்கொடுத்து உதவும் ஓர் இடத்தில் நகரவாசிகளில் ஒரு பகுதியினருக்கு அனுமதி இல்லை என்று அறிவித்துவிட்டுத்தான் அனுமதிக்காகக் காத்திருந்தார்.

கமிஷன் ஒப்புதல் தந்தது. எதிர்த்து வாக்களித்தவர் லாரன்ஸ் ஆர்ட்டன் என்பவர். கமிஷன் தொடங்கிய 1938 முதலே அதில் இருந்தவர், மாநகர வட்டாரத் திட்டமிடலில் பழுத்த அனுபவம் உடையவர். பெரிய பேச்சாளர் என்றோ கலகக்காரர் என்றோ அவரைப் பற்றி எங்கும் காணோம். ஒற்றை வாக்குக்கு எந்தச் சட்ட வலிமையும் இல்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல.

அடுத்த வாயில் நிதிவாரியம். அங்கே வாக்குகளுக்கு எடை உண்டு. மேயர், கணக்காளர், நகரமன்றத் தலைவர் ஆகியோருக்குத் தலா மூன்று, மன்ஹாட்டன், புரூக்ளின் பெருநகரப் பகுதித் தலைவர்களுக்குத் தலா இரண்டு, ஏனைய மூவருக்கு ஒவ்வொன்று, ஆக மொத்தம் பதினாறு. ஜூன் 3 அன்று 11–5 என்ற கணக்கில் திட்டம் நிறைவேறியது. பாகுபாடு காட்டக் கூடாது என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லி நகரமன்ற உறுப்பினர் ஸ்டான்லி ஐசக்ஸ் உள்ளிட்ட பலர் வற்புறுத்தினார்கள். நிபந்தனை போட்டால் நிறுவனம் விலகிவிடும், அதன்பின் எந்த நிறுவனமும் நகரப் புனரமைப்பின் பக்கம் எட்டிப்பார்க்காது என்பது மோஸஸின் வாதம். வரி சேர்க்கப்படவில்லை. அறிவிப்பிலிருந்து இறுதி ஒப்புதல்வரை 46 நாள். பல ஆயிரம் பேரின் வீடுகளை இடித்து மேலும் பல ஆயிரம் பேருக்கு வீடு கட்டும் ஒரு முடிவு, இன்று ஒரு மாடிக்கு அனுமதி வாங்க ஆகும் காலத்தைவிடக் குறைவான காலத்தில் எடுக்கப்பட்டிருக்கிறது.

மோஸஸின் வாதத்தை எளிதில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வீடில்லாத நகரத்தில் வீடு கட்ட வருபவனிடம் எவ்வளவு பேரம் பேசலாம் என்பது இன்றும் எல்லா நகரங்களிலும் இருக்கும் உண்மையான சிக்கல். ஆனால் அவர் கைவசம் வைத்திருந்த துருப்புச் சீட்டுகளை எண்ணிப் பாருங்கள். நிலம், தெரு, வரி மூன்றுமே நகரத்துடையவை. பேரம் பேச முடியாத நிலையில் இருந்தது நகரம் அல்ல.

*

இரண்டு மாதத்தில், 1943 ஆகஸ்ட் 1 இரவில், ஹார்லெமில் கலவரம் வெடித்தது. போலீஸ்காரர் ஒருவர் கறுப்பினப் படைவீரர் ஒருவரைச் சுட்டது உடனடிக் காரணம். ஆறு பேர் இறந்தார்கள். அதற்கு மறு ஆண்டு மெட்ரோபாலிடன் நிறுவனம் ஹார்லெமில் ரிவர்டன் என்ற பெயரில் ஏறத்தாழ 1,200 வீடுகள் கொண்ட இன்னொரு குடியிருப்பை அறிவித்தது. ஒன்று இங்கே, ஒன்று அங்கே. சமமானவை, ஆனால் தனித்தனி. ஜேம்ஸ் பால்ட்வின் 1960இல் எழுதிய ‘ஃபிஃப்த் அவென்யூ, அப்டவுன்’ கட்டுரையில் இந்த ரிவர்டனைப் பற்றிக் கடுமையாகச் சொல்லியிருக்கிறார். அது ஏன் கட்டப்பட்டது என்பது ஹார்லெம்வாசிகளுக்குத் தெரியும், ஆகவே அதைக் கட்டி முடிக்கும் முன்பே வெறுத்தார்கள் என்பது அவர் கட்சி. அங்கே குடியிருந்தவர்கள் அந்த வருணனையால் மிகவும் புண்பட்டார்கள் என்பதையும் பின்னர் நூலாக வந்தபோது அவரே குறித்திருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வீடு கிடைத்தவனுக்கு அது வீடு. அதன் பிறப்புக் குறிப்பைச் சுவரில் எழுதிக்காட்டினால் அவனுக்கு வலிக்காமல் இராது.

அதே 1944இல், வரிவிலக்கு பெறும் புனரமைப்புக் குடியிருப்புகளில் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தை நகரமன்றம் இயற்றியது. முன்பே ஒப்பந்தமாகிவிட்ட ஸ்டைவசன்ட் டவுனை அது தொடவில்லை.

கட்டடக் கலை நோக்கில் வந்த விமர்சனங்களையும் குறிப்பிட வேண்டும். லூயிஸ் மம்ஃபோர்ட் 1948இல் நியூயார்க்கர் இதழில் இதைச் சாடி எழுதினார், மோஸஸ் சூடாகப் பதிலளித்தார். மம்ஃபோர்ட் தம் ஆசானாகக் கருதியவர் பாட்ரிக் கெடிஸ். நம்மூருக்கும் சொந்தம் உள்ளவர். 1914இல் அவர் சென்னைக்கு அனுப்பிய நகரக் கண்காட்சியைச் சுமந்து வந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. நண்பர்கள் மறுபடி திரட்டிக் கொடுத்த படங்களைக் கொண்டு மறு ஆண்டு இங்கே கண்காட்சி நடத்தினார். எம்டன் என்றால் சென்னையின் மீது விழுந்த குண்டுகளை மட்டும் நினைத்துக்கொள்கிறவர்களுக்காக இதைச் சொல்லிவைத்தேன். குடியிருப்பவரைப் பிடுங்கி எறியாமல் ஊரைச் சீர்திருத்த வேண்டும் என்பது கெடிஸின் பிடிவாதம். கேஸ் ஹவுஸ் மாவட்டத்தில் அது யாருக்கும் நினைவு வரவில்லை.

*

1947 ஆகஸ்டில் முதல் குடும்பங்கள் குடியேறின. அதற்குள் ஒரு லட்சம் விண்ணப்பங்கள் வந்திருந்தன. போரிலிருந்து திரும்பியவர்களுக்கு முன்னுரிமை. ஜோசப் டோர்சி என்ற கறுப்பினத்தவரும் போரில் பணியாற்றியவர்தாம். அவரும் வேறு இருவரும் வழக்குத் தொடுத்தார்கள். நிறத்தின் காரணமாகவே மறுக்கிறோம் என்பதை நிறுவனம் நீதிமன்றத்தில் மறைக்கவில்லை. வாதம் வேறு. நாங்கள் தனியார், அரசு அல்ல. சமத்துவம் காக்கும் கடமை அரசமைப்பின்படி அரசுக்குத்தான், எங்களுக்கு இல்லை.

1949 ஜூலையில் நியூயார்க் மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எதிர்த்தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஸ்டான்லி ஃபுல்ட். நகரம் இவ்வளவு தந்த பிறகு அதைத் தனியார் என்று எப்படி அழைப்பது என்று கேட்டார். பெரும்பான்மைத் தீர்ப்பில் என்னை உறுத்துவது, 1943இன் நடவடிக்கைகள் அங்கே எடுத்தாளப்பட்ட விதம். கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்பது அப்போதே ஊரறிய விவாதிக்கப்பட்டது, தடைவிதி வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது, ஆயினும் அத்தகைய விதி இல்லாமலேயே ஒப்பந்தம் ஏற்கப்பட்டது என்று தீர்ப்பு பதிவுசெய்கிறது. எம் வேலை தெருவும் சாக்கடையும்தான் என்று ஓர் அவை வாய்திறக்காமல் இருந்தால், அந்த மௌனம் அங்கேயே கரைந்துபோவதில்லை. ஆறு ஆண்டு கழித்து அது ஓர் ஆவணமாக வேறொரு மன்றத்தில் எழுந்து நிற்கிறது. 1950இல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது.

*

எஞ்சியது குடியிருந்தவர்களின் மனசாட்சி. அவர்களில் பலர் இந்தத் தடையை விரும்பவில்லை. அதை ஒழிக்க ஒரு குழு அமைந்தது. அதன் முன்னணியில் இருந்தவர்களுள் ஒருவர் லீ லோர்ச். சிட்டி கல்லூரியில் கணிதம் கற்பித்தவர், போரில் பணியாற்றித் திரும்பியவர், வெள்ளையர். 1949இல் கல்லூரி அவருடைய பணியைத் தொடர மறுத்தது. பென்ஸில்வேனியா மாநிலக் கல்லூரியில் வேலை கிடைத்துப் புறப்பட்டார். வீட்டைக் காலிசெய்யாமல், ஹார்டின் ஹெண்ட்ரிக்ஸ், ராஃபேல் ஹெண்ட்ரிக்ஸ் என்ற கறுப்பினத் தம்பதியரையும் அவர்கள் மகனையும் தம் விருந்தினராக அங்கே தங்கவைத்தார். குத்தகைதாரரின் விருந்தினரை யார் தடுப்பது?

மறு ஆண்டே பென்ஸில்வேனியாவிலும் வேலை போயிற்று. ஐன்ஸ்டைன் உள்ளிட்டோர் கண்டித்தும் பயனில்லை. அதன்பின் டென்னஸியில் ஃபிஸ்க் பல்கலைக்கழகம். காங்கிரஸ் குழுவின் விசாரணைக்குப் பிறகு அங்கும் நிலைக்கவில்லை. அடுத்து ஆர்கன்ஸாவின் லிட்டில் ராக்கில் ஒரு சிறு கல்லூரி. 1957 செப்டம்பரில் அங்கே வெள்ளையர் பள்ளிக்குப் படிக்கப் போன எலிசபெத் எக்ஃபோர்ட் என்ற பதினைந்து வயதுப் பெண்ணைக் கூட்டம் சூழ்ந்தபோது அருகில் போய் நின்று பேருந்தில் ஏற்றி அனுப்பிய வெள்ளைக்காரப் பெண்மணி, லோர்ச்சின் மனைவி கிரேஸ். அந்தப் புகழ்பெற்ற சம்பவத்தைப் படித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெண்மணி மன்ஹாட்டனின் ஒரு வாடகை வீட்டுத் தகராறின் வழியாக அங்கே வந்து சேர்ந்தவர் என்று தெரிந்திருக்கும்! 1959இல் குடும்பம் கனடாவுக்குப் போனது.

இதற்கிடையில் நகரமன்றத்தில் ஐசக்ஸும் ஹார்லெமிலிருந்து தேர்வான ஏர்ல் பிரவுனும் கொண்டுவந்த சட்டம் 1951இல் நிறைவேறி, ஸ்டைவசன்ட் டவுனையும் கட்டுப்படுத்தியது. நிறுவனம் விடவில்லை. போராடிய குடும்பங்களை வெளியேற்ற முனைந்தது. 1952 ஜனவரியில் கடைசி நேர உடன்பாடு வந்தது. ஹெண்ட்ரிக்ஸ் குடும்பத்துக்கு அவர்கள் பெயரிலேயே குத்தகை. லோர்ச் குடும்பம் தம் வீட்டை விட்டுக்கொடுப்பது. அதாவது கதவைத் திறந்தவர்கள் வெளியே போக வேண்டும் என்பது ஒப்பந்தம். கதவும் முழுதாகத் திறந்துவிடவில்லை. 1960இல் அங்கே வாழ்ந்த 22,405 பேரில் கறுப்பினத்தவர் 47 பேர்.

*

கமிஷன் மாறியிருக்கிறது. 1975இன் சாசனத் திருத்தம் பரிசீலனைக்கு ஒரு நாட்காட்டியை வகுத்தது. விண்ணப்பம் முதலில் வட்டாரத்தின் சமூகக் குழுவுக்குப் போகும், 60 நாள். பிறகு பெருநகரப் பகுதித் தலைவர், 30 நாள். பிறகு கமிஷன், 60 நாள். நிதிவாரியத்தில் வாக்குகள் பங்கிடப்பட்ட விதம் அரசமைப்புக்கு முரணானது என்று 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்னபின் அந்த வாரியம் கலைக்கப்பட்டு, இறுதி முடிவு நகரமன்றத்திடம் வந்தது; கமிஷன் 13 பேராயிற்று. சமூகக் குழுவின் கருத்து யாரையும் கட்டுப்படுத்தாது. இப்போது குறை வேறு திசையிலிருந்து வருகிறது: எல்லோரும் கேள்வி கேட்டுக் கேட்டே வீடு எழும்பாமல் போகிறது என்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2025 நவம்பரில் சில வகை வீட்டுத் திட்டங்களுக்கு விரைவுப் பாதை அமைக்கும் திருத்தங்களை வாக்காளர்கள் ஏற்றார்கள்.

ஸ்டைவசன்ட் டவுனும் கை மாறியது. 2006இல் அதையும் அடுத்துள்ள பீட்டர் கூப்பர் வில்லேஜையும் மெட்ரோபாலிடன் நிறுவனம் 5.4 பில்லியன் டாலருக்கு விற்றது. வாங்கியவர்கள் கடனைக் கட்ட முடியாமல் 2010இல் கைவிட்டார்கள். லீ லோர்ச் 2014இல் தம் 98ஆம் வயதில் கனடாவில் காலமானார். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1990இல் அவருக்குக் கௌரவப் பட்டம் தந்திருந்தது. ஆர்ட்டன் 1960களின் இறுதிவரை கமிஷனிலேயே இருந்தார்.

2022 ஜூன் முதல் நியூயார்க்கில் பெரிய அளவிலான நில விண்ணப்பங்களோடு இனச் சமத்துவம் பற்றிய ஓர் அறிக்கையையும் இணைக்க வேண்டும். வரப்போகும் வீடுகளின் வாடகை என்ன, சுற்றுவட்டாரத்தில் எந்தெந்த இனத்தவர் என்ன வருமானத்தில் வாழ்கிறார்கள், இடம்பெயரும் ஆபத்து யாருக்கு என்பன அதில் இடம்பெறும். விண்ணப்பதாரரே அதைத் தயாரித்துக் கோப்பில் வைக்கிறார். அதைப் படித்துவிட்டு எப்படி வாக்களிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.